பள்ளித் தூரப் பட்டியல் தயாரிக்கும் மாவட்ட வரைபடக் குழுக்களுக்குத் திறந்த மடல்

வணக்கம்.

கல்வி உரிமைச் சட்டத்துக்கான 2010 மாதிரி விதிகள், குடியிருப்பிலிருந்து பள்ளி ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன. அது பிள்ளைகள் நடந்து போகிற தூரம். எல்லை இவ்வளவு கறாராக இருக்கையில் பத்து மீட்டர் பிழைகூட ஒரு குடியிருப்பைப் பட்டியலிலிருந்து தள்ளிவிடும். எனவே தூரத்தை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதையும் பட்டியலோடு வெளியிடுங்கள்.

திண்டுக்கல்லை எடுத்துக்கொள்வோம். நகரை ஒட்டிக் கிழக்கே 78 பாகை தீர்க்கரேகை ஓடுகிறது. யூடிஎம் என்பது உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித் தொடக்கத்திலிருந்து மீட்டரில் இடம் குறிக்கும் முறை. அதன் 43-ஆம் மண்டலம் அங்கே முடிந்து 44 தொடங்குகிறது. ஊரை 43-இலும் பள்ளியை 44-இலும் வைத்து, அந்த மீட்டர் எண்களைக் கழித்தால், கோட்டின் இருபுறமும் அருகருகே இருப்பவை சுமார் 657 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். இது உடனே கண்ணில் படும். மாவட்டம் முழுவதையும் ஒரே மண்டலத்தில் வையுங்கள். கிலோமீட்டருக்கு 2 மீட்டருக்குள் பிழை அடங்கும்.

கண்ணில் படாதவைதான் ஆபத்தானவை. இணைய வரைபடங்கள் உலகைத் தட்டையாக விரிக்கப் பயன்படுத்தும், 3857 என்ற குறியீட்டு எண் கொண்ட முறையில் அளந்தால் இந்த அட்சரேகையில் தூரம் சுமார் 2 விழுக்காடு கூடும். 990 மீட்டர் 1,000-ஐத் தாண்டிவிடும். அதைவிட மோசம், அட்சமும் தீர்க்கமும் இடம் மாறுவது. இடத்தரவுகளைக் கையாளும் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்ஜிஐஎஸ் தீர்க்கத்தை முதலில் கேட்கிறது. திண்டுக்கல்லின் 77.98, 10.36 என்பதைத் திருப்பிப் போட்டால் புள்ளிகள் எல்லாம் ஆர்க்டிக் கடலுக்குப் போகும், மென்பொருள் ஒன்றும் சொல்லாது. வடக்கு-தெற்கு இடைவெளி கிழக்கு-மேற்காக மாறிவிடும்; அங்கே தீர்க்கரேகைகள் நெருங்கிவிடுவதால், பள்ளிக்கு நேர் தெற்கே 3 கிலோமீட்டரில் உள்ள ஊர் சுமார் 630 மீட்டர் என்று வரும். தூரமான ஊர் பக்கத்து ஊராகப் பதிவாகிவிடும். கணக்குக்கு முன் புள்ளிகளை ஒருமுறை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள்.

இவையெல்லாம் சரியானாலும் கிடைப்பது நேர்தூரம்தான். இடையில் ஆறோ ரயில் பாதையோ இருந்தால் 700 மீட்டர் நேர்தூரம் இரண்டு கிலோமீட்டர் நடையாகலாம். நடைவழி நேர்தூரத்தைவிடக் குறையவே குறையாது, அதையே சல்லடையாக்கலாம். ஒவ்வொரு குடியிருப்புக்கும் நேர்தூரத்தில் நெருங்கிய ஐந்து பள்ளிகளை எடுத்து, வரிசையாக நடைவழியை அளந்து வாருங்கள். இதுவரை கிடைத்த குறைந்த நடைவழி, அடுத்த பள்ளியின் நேர்தூரத்தைவிடச் சிறியதானால் நிறுத்திவிடலாம். ஐந்தும் தீர்ந்தால் ஆறாவதை எடுங்கள். 10,000 குடியிருப்பு, 2,000 பள்ளி என்றால் 2 கோடி இணைகளுக்கும் நடைவழி தேட வேண்டியதில்லை.

பள்ளிப் புள்ளிகளை மாவட்ட எல்லையில் வெட்டாதீர்கள். எல்லையோர ஊருக்குப் பக்கத்து மாவட்டப் பள்ளியே அருகில் இருக்கலாம். பட்டியலில் நேர்தூரத்துக்கும் நடைவழிக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும். யூடிஎம், 3857 போன்றவற்றில் எந்த ஆயமுறையில் (இடம் குறிக்கும் முறையில்) அளந்தது என்பது தலைப்பிலேயே இருக்க வேண்டும்.