நிக்கோலா ஷோவினுக்குப் பிறந்த ஊர் கொடுத்தவர்களுக்கு

பொது அறிவு நூல்களையும் சொற்பொருள் கையேடுகளையும் தொகுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் மேசையில் உங்கள் புத்தகங்கள்தாம் கிடக்கின்றன. அவற்றில் மனிதர்களின் பெயரால் வந்த சொற்களுக்கென்று ஒரு பகுதி ஒதுக்குகிறீர்கள். புறக்கணிப்பைக் குறிக்கும் பாய்காட்டுக்கு அடுத்தபடியாக, கண்மூடித்தனமான நாட்டுவெறியைக் குறிக்கும் ஷோவினிசம் வந்துவிடுகிறது. நெப்போலியனின் படைவீரர் நிக்கோலா ஷோவின், ரோஷ்போரில் பிறந்தவர், 17 முறை காயம்பட்டவர், பேரரசர் வீழ்ந்த பிறகும் அவர் புகழையே பாடிக்கொண்டிருந்ததால் ஊராரின் கேலிக்கு ஆளானவர். இவ்வளவும் நான்கே வரியில், ஐயத்துக்கு இடமே இல்லாத தொனியில்.

கேப்டன் பாய்காட் நிஜ மனிதர். 1880இல் அயர்லாந்தின் மாயோ மாவட்டத்தில் குத்தகைதாரர்கள் அவரை ஒதுக்கிவைத்தார்கள். அவர் லண்டன் டைம்ஸுக்கு எழுதிய புகார்க் கடிதம் அச்சில் இருக்கிறது. ஷோவினுக்கு அப்படி ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. ஜெரார் த புய்மேஜ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இந்த ஆளைத் தேடி ராணுவ ஆவணங்களைக் குடைந்தார். 1993இல் வெளிவந்த அவருடைய நூலின் முடிவு, இந்த வரலாற்றோடு பொருந்தும் வீரர் எவரும் இல்லை என்பதுதான். ஷோவின் பிரான்சில் சாதாரணக் குடும்பப் பெயர். வழுக்கைத்தலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது; மதச் சீர்திருத்தவாதி கால்வினின் பெயருக்கும் அதே வேர்தான். ஆகவே அந்தப் பெயரில் சிப்பாய்கள் இருந்திருப்பார்கள். நீங்கள் சொல்லும் ஷோவின்தான் அகப்படவில்லை.

அப்படியானால் ரோஷ்போர் எங்கிருந்து வந்தது? 1845இல் ழாக் அராகோ என்ற பயண எழுத்தாளர் ஒரு கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரை எழுதினார். பிறந்த ஊர், 18 வயதில் படையில் சேர்ந்தது, வெட்டியெடுக்கப்பட்ட 3 விரல்கள், நொறுங்கிய தோள், சிதைந்த நெற்றி, கௌரவ வாள், விருதாக அணியும் சிவப்பு நாடா, 200 பிராங்கு ஓய்வூதியம் எல்லாம் அதில் இருக்கின்றன. காயங்கள் பதினேழும் முன்பக்கத்தில் பட்டவையாம்! அத்தனையும் விழுப்புண், முதுகில் ஒரு கீறல்கூட இல்லை. புறநானூறு படித்தவர்களுக்கு இந்த இடத்திலேயே ஐயம் தட்டியிருக்க வேண்டும். இத்தனை கச்சிதமான வீரனைப் பாட்டில்தான் பார்க்க முடியும், படைப்பதிவேட்டில் அல்ல. அராகோ ஆதாரம் எதையும் காட்டவில்லை. பின்வந்த அகராதிகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொண்டே போயின.

சொல் பரவிய இடம் பாரிஸின் நாடக மேடை. நெப்போலியன் வீழ்ந்ததும் திரும்பிவந்த போர்பன் மன்னர்கள் புரட்சியின் மூவண்ணக் கொடிக்குத் தடை விதித்தார்கள். ஊர் திரும்பி ஏர் பிடித்த பழைய சிப்பாய் அந்த ஆண்டுகளில் படங்களிலும் மேடையிலும் மக்கள் நாயகனானான். 1830 ஜூன் மாதம் போர்பன் மன்னர் பத்தாம் சார்லஸின் படை வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸுக்கு அருகே சிதி பெரூஷில் இறங்கியது. ஜூலை 5 அன்று நகரம் வீழ்ந்தது. அந்த மாதம் முடிவதற்குள் பாரிஸில் புரட்சி வெடித்து, படையை அனுப்பிய மன்னரே ஓடவேண்டியதாயிற்று. மூவண்ணம் திரும்பியது. மறு ஆண்டு, 1831இல், கோனியார் சகோதரர்கள் 'மூவண்ணச் சின்னம்' என்ற மூன்று அங்கப் பாட்டு நாடகத்தை மேடையேற்றினார்கள். அல்ஜியர்ஸ் போரில் ஓர் அத்தியாயம் என்பது அதன் துணைத்தலைப்பு. அதில் வரும் விவரமறியாத இளம் சிப்பாயின் பெயர் ஷோவின். நான் பிரெஞ்சுக்காரன், நான் ஷோவின், பெதூயினை (பாலைவன அரபு நாடோடியை) அடித்து நொறுக்குகிறேன் என்று அவன் பாடுகிறான்.

உங்கள் நான்கு வரிகள் மறைத்துவிடுவது இதைத்தான். அங்கே இருப்பவர் உடல் சிதைந்து, 200 பிராங்கில் காலம் தள்ளும் ஒரு முதியவர். வெறி அவருடைய தனிப்பட்ட கோளாறு. படிப்பவர் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடலாம். மேடையில் நிற்பவனோ இன்னொருவன் நாட்டுக்குள் புதிதாகப் புகுந்திருக்கும் இளைஞன். அவனைப் பாடவைத்தவர்கள் நாடகக்காரர்கள். அவன் அடிக்கும் பெதூயினின் மண்ணில் பிரெஞ்சு ஆட்சி 1962 வரை நீடித்தது. தன் நாட்டின் மீதான மயக்கமும் அடுத்தவன் மீதான இளக்காரமும் அந்தப் பாட்டில் ஒன்றாகவே இருக்கின்றன.

அதனால்தான் பின்னாளில் இச்சொல் நாட்டைத் தாண்டிப் போனபோது யாரும் வியக்கவில்லை. லெனின் பெரும் ரஷ்ய ஷோவினிசத்தை, அதாவது பேரினவாதத்தை, கண்டித்தார். 1931இல் நியூயார்க்கின் ஹார்லெமில், ஃபின்லாந்துத் தொழிலாளர் மன்ற நடன நிகழ்ச்சியில் கறுப்பினத்தவர் அவமதிக்கப்பட்டபோது அதற்குத் துணைநின்ற தன் உறுப்பினர் ஒருவரை அமெரிக்கக் கம்யூனிஸ்டுக் கட்சி பொதுமக்கள் முன் விசாரித்து நீக்கியது. குற்றச்சாட்டின் பெயர் வெள்ளை ஷோவினிசம். ஆணாதிக்கத்துக்கும் அதே சொல் வந்தது. உங்களில் சிலர் இதனோடு, போருக்குத் துடிக்கும் நாட்டுப்பற்றான ஜிங்கோயிசத்தைக் குழப்புகிறீர்கள். அது வேறு கதை: 1878இல் ரஷ்யாவுக்கு எதிராக லண்டன் கேளிக்கை அரங்குகளில் முழங்கிய பாட்டிலிருந்து வந்தது.

அடுத்த பதிப்பில் ரோஷ்போரையும் 17 காயங்களையும் எடுத்துவிடுங்கள். பழங்கதை என்ற குறிப்போடு வைத்திருக்க விரும்பினால் அராகோவின் பெயரையும் 1845ஐயும் சேர்த்துப் போடுங்கள். நிக்கோலா ஷோவின் யார் என்று கேட்டு, நெப்போலியனின் படைவீரர் என்ற விடைக்கு மதிப்பெண் கொடுப்பதை நிறுத்துங்கள். வினா வைத்தே ஆக வேண்டுமென்றால் இப்படி வையுங்கள்: ஷோவினிசம் என்ற சொல்லைப் பரப்பிய 1831ஆம் ஆண்டு நாடகம் எந்தப் படையெடுப்பைப் பற்றியது? விடைக் குறிப்பில் அல்ஜியர்ஸ் என்று அச்சிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நூல்களின் வாசகன்