மெடிக்கல்காரத் தம்பி கேட்டான்

பாளையங்கோட்டை,
புதன்கிழமை

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் உங்கம்மாவும் நலம். அங்கு உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல்.

போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் நீ "சாப்பிட்டீங்களாப்பா" என்கிறாய், நான் "சாப்பிட்டாச்சு" என்கிறேன், அதற்குள் உங்கம்மா கையை நீட்டிவிடுகிறாள். அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் பேசுகிறாள். என்ன விஷயம் என்று கேட்டால், "உங்க மகதானே, நீங்களே கேளுங்க" என்று பதில் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

பாபநாசத்தில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள். குறுக்குத்துறைப் படித்துறையில் நாலு படி முங்கிவிட்டது. பெரிய அத்தைக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. வீட்டு வரி கட்டியாகிவிட்டது.

போன வாரம் மெடிக்கல்காரத் தம்பி என்னை நிறுத்தி, "சார், பாப்பா அக்காவுக்கு ரெண்டு மாசமா மாத்திரை எடுக்கலையே, வேற கடையிலயா?" என்று கேட்டான். "ஆமா, பெங்களூர்லயே வாங்கிக்கிடுதா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அங்கேயே வாங்குகிறாய் என்றால் நல்லதுதான். அங்கே எவ்வளவு குறைக்கிறார்கள்? இவன் பத்து சதவீதம் குறைப்பான், கூரியர் செலவு போனாலும் நமக்கு லாபம். அதற்காகத்தான் கேட்கிறேன், வேறொன்றுமில்லை. பில்லைப் பத்திரமாக வை. எங்கே வாங்கினாலும் சாப்பிட்ட பிறகு, பெரிய தம்ளர் நிறையத் தண்ணீரோடு போடு. வெறும் வயிற்றில் போடாதே.

உன் ரத்தப் புற்றுநோய்ப் பரிசோதனை எண்ணைக் குறித்து வைக்கும் என் பச்சை நோட்டில் ஆகஸ்டுக்கு நேரே கட்டம் காலியாக இருக்கிறது. 2009இல் இருந்து ஒரு கட்டம்கூட நான் காலியாக விட்டதில்லை. முதல் மூன்று மாதத்தில் அந்த எண் பத்து சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும், ஒரு வருஷத்தில் 0.1க்குக் கீழே வர வேண்டும் என்று டாக்டர் சொன்னதை முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். போன நாலு வருஷமாக 0.003ஐத் தாண்டவில்லை. இந்த முறை ரிப்போர்ட் தாமதமா? லேபில் கூட்டமாக இருந்திருக்கும்.

மலேசியாவில் அந்த லங்காவி போட்டி பற்றியும் பேச்சைக் காணோம். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் 42 கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் 17 மணி நேரத்துக்குள் என்று நீ பொங்கலுக்கு வந்தபோது சொன்னாய். வேண்டாம் என்றேன். அதற்கு நீ என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. இப்போது நீயே அந்தப் பேச்சை எடுக்காதபோது எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. இராத்திரி உனக்குக் கெண்டைக்கால் சதை உருண்டு கல்லாகப் பிடித்துக்கொள்வதும், உங்கம்மா தேங்காயெண்ணெய் போட்டு நீவுவதும்தான் கண்ணில் வருகிறது. வலி திரும்ப வந்துவிட்டதா? ஓட முடியவில்லையா? அந்த வலிக்குப் பயந்து மாத்திரையை விடுகிறவர்கள் உண்டு என்று நீயே மைக்கைப் பிடித்துச் சொல்லியிருக்கிறாய். "நல்லாத்தானே இருக்கோம்னு ஒரு வேளை விடுவீங்க, ரெண்டு வேளை விடுவீங்க, அந்த நோய் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கும்" என்று. ஊருக்கே சொல்கிற பிள்ளைக்கு நான் என்ன சொல்ல? இருந்தாலும் சாப்பிட்ட பிறகு போடு. தண்ணீர் நிறையக் குடி.

நானும் வாசித்துப் பார்த்தேன். டாக்டர் சொல்லியே நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்களாம். பல வருஷம் எண் அடியிலேயே கிடந்தால் நிறுத்திப் பார்க்கலாம், மாதாமாதம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும், பாதிப் பேருக்குத் திரும்புகிறது, திரும்பினால் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்திலேயே தெரிந்துவிடும், மறுபடி அதே மாத்திரையைப் போட்டால் அநேகமாக எல்லோருக்கும் அடங்கிவிடுகிறது என்று இருக்கிறது. பெண்கள் நிறுத்துவதற்கு இன்னொரு காரணமும் அதில் இருந்தது. அதை நான் எழுதவில்லை. உங்கம்மா இரண்டு கிலோ தொலி உளுந்தும் உடன்குடிக் கருப்பட்டியும் வாங்கித் தனியாகக் கட்டி வைத்திருக்கிறாள். யாருக்கு என்றால் சிரிக்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றே இருக்கட்டும்.

கோவாவுக்கு உன் பாதித் தூரப் போட்டியைப் பார்க்க நாங்கள் வந்தது நினைவிருக்கிறதா? 2022 நவம்பர், மிராமார் கடற்கரை. எல்லோரும் ஒரே மாதிரித் தொப்பி, ஒரே மாதிரிக் கண்ணாடி. தண்ணீரிலிருந்து வந்தவர்களில் உன்னை எனக்குத் தெரியவில்லை, உங்கம்மாதான் நடையை வைத்துக் கண்டுபிடித்தாள். மாத்திரையால் காலையில் உனக்குக் கண் இமை வீங்கியிருக்கும் இல்லையா, அதன் மேல் கண்ணாடியின் தடம் வளையமாகப் பதிந்திருந்தது. எட்டரை மணி நேரக் கெடுவில் பத்தொன்பது நிமிஷம் மிச்சம். குறுக்குத்துறையில் என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நீச்சல் பழகிய பிள்ளை! ஃப்ளாஸ்க் மூடியைத் திறக்க என் கை நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு மராட்டிக்காரர் உன் பனியன் முதுகைக் காட்டி, "9, 22 என்றால் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒன்பதாவது குரோமோசோமும் இருபத்திரண்டாவதும் துண்டு மாற்றிக்கொண்டதால் வந்த நோய் என்று எனக்குச் சொல்லத் தெரியும். நோட்டில் படம் போட்டு வைத்திருக்கிறவன் நான். "அது அவ காலேஜ் ரோல் நம்பர்" என்று சொன்னேன்.

இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

இந்த செப்டம்பர் 22, உன் நோய்க்கான உலக நாளன்று நீ பேசியது படத்தோடு பேப்பரில் வந்தது. எனக்குக் கோபம்தான். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையிடம் நீயே போய்ச் சொன்னாய், சரி, அவர் தங்கமான மனுஷர், ஏற்றுக்கொண்டார். ஊர் முழுக்கச் சொல்ல வேண்டுமா என்று உங்கம்மாவிடம் கத்தினேன். மறுநாள் காலையில் பால் வாங்கப் போனபோது, தெருக்கோடி வீட்டு டிரைவர் அண்ணாச்சி சம்சாரம் வாசலில் நின்றார்கள். கையில் அந்தப் பேப்பர். "பாப்பாவுக்கு இது எந்த வருசம் வந்துச்சு சார்?" என்று கேட்டார்கள். 2009 என்றேன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார்கள். மூன்றில் நின்றது.

2012 கோடை. உனக்குச் சிவகாசியில் சம்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். அண்ணாச்சி மகனுக்கு வயிற்றில் கட்டி என்று பார்க்கப் போனேன். சட்டையில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நெஞ்செலும்பு தெரிகிற உடம்பு, இடது விலாவுக்குக் கீழே மட்டும் தொப்புள் வரை மேடு. உன் வயிற்றில் டாக்டர் பேனாவால் கோடு போட்டு, "மண்ணீரல் இவ்வளவு தூரம் இறங்கியிருக்கு" என்று காட்டினாரே, அதே இடம். பச்சிலை அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க படிச்சவுக. பாப்பாவுக்கும் அன்னைக்கு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சியளே, அது என்ன சீக்கு?" என்று கேட்டார். "ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையில சரியாயிட்டு" என்று சொன்னேன். ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துப் பாருங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிடுவாரே என்று அதையும் சொல்லவில்லை. உன் மாத்திரை அட்டைகளைக் கடுகு டப்பாவுக்குள் வைத்திருந்த காலம் அது.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, உனக்கு வந்ததேதான், முற்றிவிட்டது என்றார்களாம். தீபாவளிக்கு முன்னால் போய்விட்டான். உன்னைவிட ஒரு வயது சின்னவன். சிவகாசிக்காரர்கள் ஆவணியிலேயே ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அலமாரியில் என் சர்வீஸ் ரெஜிஸ்டருக்குள் நீ கண்டெடுத்தாயே ஒரு பேப்பர் துண்டு, 2013 ஏப்ரல் 2ஆம் தேதியது, நோவார்டிஸ் கம்பெனி உன் மாத்திரைக்குக் காப்புரிமை கேட்ட வழக்கின் தீர்ப்பு. 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்ததை முந்தின நாள் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்திருந்தது. அப்போது அந்தக் கம்பெனி மருந்து மாதம் 1,20,000 ரூபாய், நம் ஊர்க் கம்பெனிகள் செய்தது எட்டாயிரம், பத்தாயிரம். அப்பா பெருமையாக எடுத்து வைத்திருக்கிறார் என்று மாப்பிள்ளையிடம் காட்டினாய். பெருமைக்கு வைக்கவில்லை, பாப்பா. விலை எனக்கு அந்தத் தீர்ப்புக்கு முன்பே தெரியும். மாதாமாதம் வாங்கியவன் நான்தானே. முடியாதவர்களுக்கு இலவசமாகக் கிடைக்க வழி இருந்ததும் தெரியும், உனக்காக அந்த விண்ணப்ப பாரத்தை வாங்கி வந்து, வருமானம் கூடுதல் என்று திருப்பி வைத்தவனும் நான்தான். அந்த பாரம் மேஜை டிராயரில் இருந்தது. அண்ணாச்சி வீடு எட்டு வீடு தள்ளி.

அந்த அம்மா அன்றைக்கு என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பிள்ளை நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் நாலு முருங்கைக்காய் கொண்டுவந்து கொடுத்தார்கள். உங்கம்மா சாம்பார் வைத்தாள். எனக்கு வேண்டாம் என்று மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். இன்னும் அந்தப் பக்கமாகப் போகவில்லை, பாலுக்கு மார்க்கெட் வழியாகச் சுற்றிப் போகிறேன். நீ வரும்போது என்னோடு அந்த வீட்டுக்கு வருவாயா? முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் இராத்திரி பதினொரு மணிக்குப் போனில் பேசுகிறாயே, அங்கே எப்படி ஆரம்பிப்பது என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். வண்டியில் போகும்போது ஹெல்மெட் போடச் சொல்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: உளுந்தும் கருப்பட்டியும் நாளைக்குக் கூரியரில் வருகிறது. ஆகஸ்ட் கட்டத்துக்கு எண் மட்டும் அனுப்பினால் போதும், விவரம் வேண்டாம். எதற்காக நிறுத்தியிருந்தாலும் நான் கேட்க மாட்டேன். டாக்டருக்குத் தெரியும்தானே?