பாதி முகத்தோடு ஒரு குளிர்காலம்

எடின்பரோ,
மாசி மாதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

செல்வி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அவரும் பாப்பாவும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அப்பா சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று எழுது.

வீடியோ காலில் என்னைப் பார்த்ததுமே நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய். நீ அழுதால் எனக்கும் வந்துவிடுகிறது, அப்புறம் ஒரு விஷயமும் பேச முடிவதில்லை. கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கும் படித்துக் காட்டு. அவராகப் படிக்கட்டும் என்று விட்டால் கண்ணாடியைத் தேடுவதிலேயே ஒரு வாரம் போய்விடும்.

என் வாய் கோணியது தீபாவளி முடிந்த வாரம். முந்தின நாளே வலது காதுக்குப் பின்னால் குடைச்சல். குளிர்தான் என்று மப்ளரைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். காலையில் எழுந்து பல் தேய்த்து வாய் கொப்பளித்தால் தண்ணீர் வலது ஓரமாகத் தானே ஒழுகுகிறது. துப்பவும் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தால் வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது, வலது கண் சிமிட்டவே இல்லை. நான் வேலை பார்ப்பது முதியோர் இல்லத்தில் என்று உனக்குத் தெரியும். பக்கவாதம் வந்தவர்களைத் தினமும் குளிப்பாட்டி ஊட்டி விடுகிறவளுக்கு அந்த நேரத்தில் வேறென்ன தோன்றும்? கையைத் தூக்கிப் பார்த்தேன், தூக்க முடிந்தது. நடந்து பார்த்தேன், நடக்க முடிந்தது. ஆனாலும் உடம்பு உதறலெடுத்தது. அவர் உடனே இந்த ஊர் அவசர எண் 999-க்குப் போன் போட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர். கை, கால், பேச்சு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, புருவத்தை மேலே தூக்கச் சொன்னார். இடது புருவம் ஏறியது. வலது பக்க நெற்றி இஸ்திரி போட்ட மாதிரி ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நெற்றி அசையாதது நல்லதாம்! நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் உத்தரவு போகிறதாம். அதனால் மூளையில் அடைப்பு வந்து வாய் கோணினால் பெரும்பாலும் நெற்றி தப்பித்துவிடும். முக நரம்பே படுத்துவிட்டால்தான் நெற்றி, கண், வாய் எல்லாம் சேர்ந்து படுக்கும். எனக்கு வந்தது இரண்டாவது வகை. இதைக் கேட்டுவிட்டு நீ நம் சேலம் செவ்வாப்பேட்டை முழுக்க நெற்றியைப் பார்த்து வைத்தியம் சொல்லக் கிளம்பிவிடாதே. யாருக்கு வாய் கோணினாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், எது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

இதற்கு பெல்ஸ் பால்சி என்று பெயர். முக நரம்பைப் பற்றி 1821-ல் எழுதிய சார்லஸ் பெல் என்ற மருத்துவர் பெயரில் வைத்திருக்கிறார்கள். அவர் 1774-ல் பிறந்தது இந்த எடின்பரோவில்தானாம். ‘ஊருக்குப் பொருத்தமான நோயாத்தான் வாங்கியிருக்கே’ என்று உன் மாப்பிள்ளை கேலி செய்கிறார்.

நம் வீட்டில் இதற்குக் காரணம் எப்போதோ தெரியும். ஏற்காடு பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் முடியும்வரை அம்மாயி என் காதைத் துண்டால் கட்டி வைப்பாளே, காத்து அடிச்சா வாய் கோணிக்கும் என்று. டாக்டர் காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு குறுகலான பாதை வழியாக அந்த நரம்பு வருகிறதாம். அது வீங்கினால் அந்தப் பாதைக்குள்ளேயே நசுங்குகிறது. ஏன் வீங்குகிறது என்பது இன்னும் உறுதியாகத் தெரியாது. உதட்டோரம் கொப்புளம் வர வைக்கிற வைரஸ் ஒன்று உடம்புக்குள் தூங்கிக் கிடந்து திரும்ப எழுந்திருப்பதுதான் காரணமாக இருக்கும் என்கிறார்கள். அம்மாயி இருந்தால் இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள்.

மாத்திரை பிரெட்னிசலோன். ஸ்டீராய்டுதான், பயப்படாதே, கொஞ்ச நாளைக்குத்தான் கொடுத்தார்கள். வாய் கோணிய மூன்று நாளைக்குள், அதாவது 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். இந்த ஸ்காட்லாந்திலேயே ஐந்நூறு பேருக்கு மேல் வைத்துச் சோதித்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 83 பேருக்கு மூன்றே மாதத்தில் முகம் முழுசாகத் திரும்பிவிட்டது. சாப்பிடாதவர்களில் 64 பேருக்கு. ஒன்பது மாதம் பொறுத்துப் பார்த்தால் 94-ம் 82-ம். சாப்பிடாவிட்டாலும் பாதிக்கு மேல் தானாகவே சரியாகிறது என்பதைக் கவனித்தாயா? புறா ரத்தம் தேய்க்கச் சொன்ன எதிர்வீட்டு அத்தைக்கு ஊரில் அவ்வளவு நல்ல பேர் இருப்பது அதனால்தான். இங்கே மருந்துக் கடையில் சீட்டைக் கொடுத்தால் காசு கிடையாது, ஸ்காட்லாந்தில் 2011-லிருந்து அப்படித்தான். மாத்திரை வேலை செய்தது, ஆனால் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. நடுராத்திரியில் பசி எடுத்து உப்புமா கிண்டிச் சாப்பிட்டேன்.

வாயை விடக் கண்தான் பெரிய பாடு. மூட முயற்சி செய்தால் இமை பாதியில் நின்றுவிடும், கருவிழி மட்டும் மேலே போய்விடும். வெள்ளை மட்டும் தெரிய, பாப்பா முதல் நாள் அலறிவிட்டாள். அப்புறம் அவளுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது, பள்ளிக்கூடத்துத் தோழியைக் கூட்டிவந்து காட்டச் சொன்னாள். கண் மூடாவிட்டால் காய்ந்து கருவிழி புண்ணாகும். பகலில் சொட்டு மருந்து, ராத்திரி களிம்பு, மேலே இமையை இழுத்துப் பிளாஸ்திரி. விரலாலேயே இமையை மூடி மூடித் திறக்கவும் பழகிக்கொண்டேன். இங்கே மார்கழியில் நாலு மணிக்குள் இருட்டிவிடும். அந்த இருட்டில் லீத் வாக் பஸ் ஸ்டாப்பில் கறுப்புக் கண்ணாடி போட்டு நின்றவள் நான் ஒருத்திதான். கடல் காற்று கண்ணில் படக்கூடாதே.

காதும் சேர்ந்து படுத்தியது. பெரிய சத்தத்தை அடக்க காதுக்குள் ஒரு குட்டித் தசை இருக்கிறதாம், அதுவும் இதே நரம்பின் பேச்சைத்தான் கேட்கும். குக்கர் விசில் மண்டைக்குள் அடித்தது. விசில் வரும்முன் நான் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன், அவர்தான் அடுப்பை அணைப்பார். நாக்கில் அந்தப் பக்கத்துச் சுவையும் போய்விட்டது. ரசம் வைத்தால் தகரத்தை நக்கின ருசி.

அந்தச் சமயம் பார்த்து எனக்குத் தட்டுவடை செட் மேல் ஆசை வந்தது. நீ கொடுத்தனுப்பிய தட்டுவடை இருந்தது. கேரட், பீட்ரூட், வெங்காயம் எல்லாம் துருவி, காரச் சட்னி, புதினாச் சட்னி அரைத்து, நம் சின்னக்கடை வீதிக்காரர் வைக்கிற அளவுக்கே வைத்து முழுசாக வாய்க்குள் போட்டேன். அதை அப்படித்தானே சாப்பிட வேண்டும்? கடித்ததும் சட்னி வலது ஓரமாக வழிந்து நைட்டியில் சிவப்பும் பச்சையுமாக இறங்கியது. பீட்ரூட் துருவல் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. உதடும் கன்னமும் அழுத்திக் கொடுத்தால்தான் நாக்கு அதை இந்தப் பக்கம் தள்ளும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. விரலை விட்டுத்தான் எடுத்தேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், பாதிதான் வந்தது.

அந்தப் பாதிச் சிரிப்புதான் வெளியே எனக்குப் பிரச்சினை. அம்மா, வந்த புதிதில் இந்த ஊர்க்காரர்கள் பேசுகிற இங்கிலீஷ் எனக்குப் புரியாது என்று சொல்வேனே, இப்போதும் பாதிதான் புரிகிறது. மீதியைச் சிரித்தே சமாளித்து வந்திருக்கிறேன். பஸ் டிரைவர் ஏதோ சொன்னால் ஒரு சிரிப்பு, கடைக்காரம்மா வானிலையைப் பற்றிச் சொன்னால் ஒரு சிரிப்பு. அது போனதும் நான் ஊமையாகிவிட்டேன். பேசினால் ப-வும் ம-வும் வழுக்குகிறது. சும்மா நின்றால் முறைப்பதாக நினைக்கிறார்கள். நம்மூராக இருந்தால் பூக்காரம்மா முதற்கொண்டு நிறுத்தி வைத்து, ‘என்ன கண்ணு, வாய் இப்படி ஆயிடுச்சு’ என்று கேட்டிருப்பார்கள். இங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை, அது இவர்களுக்கு மரியாதை. யாராவது ஒருத்தர் கேட்டுத் தொலைத்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

கேட்டது ஒரே ஒரு ஆள். எங்கள் இல்லத்தில் நினைவு தப்பிய பாட்டி ஒருவர், ஜன்னலோர நாற்காலிக்காரர். என் பெயர் அவருக்கு ஒருநாளும் நினைவிருந்ததில்லை, ஆனால் என்னைப் பார்த்ததும் முதலில் சிரிப்பார். லீவு முடிந்து போய்க் கஞ்சிக் கிண்ணத்தோடு எதிரில் உட்கார்ந்தேன். என்னையே பார்த்தார், கரண்டியைத் தட்டிவிட்டார். ‘என் மேல் என்ன கோபம் உனக்கு?’ என்றார். நினைவு தப்பியவர்கள் வார்த்தையை விட முகத்தைத்தான் படிப்பார்கள், என் முகம் அன்றைக்குக் கோபமாகத்தான் இருந்திருக்கும். நாற்காலியைச் சுற்றிப் போட்டு இடது பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். போதவில்லை. அப்புறம் பாட ஆரம்பித்தேன். எனக்கு இங்கிலீஷ் பாட்டு எங்கே தெரியும்? அம்மாயி பாடுகிற ஆராரோ ஆரிராரோதான். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வாயைத் திறந்தார். இப்போது எனக்கு முகம் வந்துவிட்டது, சிரித்துக்கொண்டுதான் போகிறேன், ஆனால் பாட்டு இல்லாமல் அவர் ஒரு வாய்கூட வாங்குவதில்லை. பக்கத்து நாற்காலித் தாத்தாவும் இப்போது எனக்கும் பாடு என்கிறார்.

முதல் அசைவைக் கண்டுபிடித்தது பாப்பாதான். கார்த்திகை நடுவில் ஒருநாள், ‘அம்மா, உன் கன்னம் துடிக்குது’ என்றாள். மூக்கோரத்தில் எறும்பு ஊர்கிற அளவுக்குத்தான். அப்புறம் மேலுதடு, அப்புறம் கண். நெற்றிதான் கடைசி. பிசியோதெரபிஸ்ட் கண்ணாடி முன்னால் செய்யப் பயிற்சி கொடுத்தார். மெதுவாக, சின்னதாக, இரண்டு பக்கமும் சமமாக. பலங்கொண்ட மட்டும் முகத்தைச் சுளித்தால் சீக்கிரம் வரும் என்று நினைக்காதீர்கள், நரம்பு வளரும்போது தப்பான தசைக்குப் போய்ச் சேரலாம் என்றார். கரண்ட் வைக்கலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். எனக்குக் கொஞ்சம் அப்படி நரம்பு தடம் மாறித்தான் இருக்கிறது. பெரிதாகச் சிரித்தால் வலது கண் தானாகச் சுருங்குகிறது. நீ போனில் பார்த்து ‘இன்னும் சரியாகலையே’ என்று அழுதது அதைத்தான். தண்ணீர் ஒழுகுவதில்லை, கண் மூடுகிறது, ரசம் ரசமாக இருக்கிறது. இந்தச் சுருக்கம் போனாலும் சரி, இருந்தாலும் சரி.

அதனால் என்னைக் கூட்டிப் போக வருகிறேன் என்று டிக்கெட் விசாரிப்பதை நிறுத்து. இங்கே பள்ளிக்கூடம் ஜூன் கடைசியில் மூடி ஆகஸ்ட் நடுவில்தான் திறக்கும். ஆடிப் பண்டிகைக்கு நாங்களே வந்துவிடுவோம். கோட்டை மாரியம்மனுக்கு வெள்ளியில் முகம் சாத்துவதாக வேண்டிக்கொண்டாயாம், தம்பி சொன்னான். வேண்டியதை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் வெள்ளி விற்கிற விலைக்குப் பட்டறைக்காரரிடம் சின்னதாகச் செய்யச் சொல். எனக்குப் படுத்தது பாதி முகம்தானே, பாதிக்கு அம்மன் ஒத்துக்கொள்வாளா என்று கேட்டுப் பார். திட்டாதே.

அப்பாவிடம் ஒன்று சொல். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம், இந்த மாத்திரையும் சர்க்கரையை ஏற்றும். அவருக்கு எப்போதாவது காதுக்குப் பின்னால் வலித்து வாய் இழுத்தால், ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாகச் சர்க்கரை இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

பங்குனியில் உன் மாப்பிள்ளையின் நண்பர் சேலத்திலிருந்து திரும்பி வருகிறார். தட்டுவடை இரண்டு பாக்கெட், ஏற்காட்டு மிளகு கால் கிலோ, காப்பித்தூள் சிக்கரி கலக்காதது. ஊறுகாய் வேண்டாம், போன தடவை அவர் பெட்டி முழுக்க எண்ணெய்.

உன் அன்பு மகள்,
செல்வி