நினைவு திரும்பியவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஆய்வு நடத்தும் முதன்மை ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம்.

உயிருக்குப் போராடுகிறவர்களிடம் ஆய்வே நடத்தக் கூடாது என்று வாதிடுவதற்காக இம்மடலை எழுதவில்லை. நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு வென்டிலேட்டரில் இருந்த 861 பேரிடம் நடந்து 2000-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், ஒவ்வொரு மூச்சுக்கும் செலுத்தும் காற்றின் அளவைக் குறைத்த பிரிவில் இறப்பு 31 விழுக்காடாகவும், வழக்கமான அளவு தரப்பட்ட பிரிவில் 39.8 விழுக்காடாகவும் இருந்தது. பின்னர் வென்டிலேட்டரில் இருந்த என் அம்மாவின் நுரையீரலுக்குள்ளும் அந்தக் குறைந்த அளவின்படிதான் காற்று போயிருக்கும். இரத்தச் சர்க்கரையை மிகக் கறாராகக் கட்டுப்படுத்துவதே நல்லது என்று பலரும் நம்பியிருந்தபோது, அப்படிக் கட்டுப்படுத்தியவர்களிடையேதான் இறப்பு கூடுதல் என்று 2009-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு காட்டியது. முன்பின் தெரியாத யாரோ படுத்துக் கிடந்து தந்த அறிவு இது. அந்தக் கடனை நாங்களும் அடைக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

என் குறை வேறு. சென்ற ஆண்டுக்கு முந்தைய ஐப்பசியில், நள்ளிரவு தாண்டி ஒன்றே முக்கால் மணிக்கு, ஐசியு வாசலில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஓர் இளம் மருத்துவர் ஆய்வில் அம்மாவைச் சேர்க்க ஒப்புதல் கேட்கும் பதினான்கு பக்கப் படிவத்தை நீட்டினார். நல்ல பிள்ளை, அவரும் தூங்கி இரண்டு நாள் ஆகியிருக்கும். ஆக்சிஜன் அளவை எந்த இலக்கில் வைத்திருப்பது என்பதுதான் ஆய்வு என்று பிறகு புரிந்துகொண்டேன். அப்போது கண்ணில் பட்டது ‘சமவாய்ப்புக் குறித்தொதுக்கீடு’ என்ற சொல் மட்டுமே. முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன் நான். எனக்கே அந்தச் சொல் அந்த நேரத்தில் பிடிபடவில்லை. எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலத் தீர்மானிப்பார்கள் என்று சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். புரிந்தாலும் கையெழுத்திட்டிருப்பேன். உள்ளே அம்மா கிடக்கிறாள். மறுத்தால் அவளைக் கவனிக்கும் கைகள் கொஞ்சம் தளர்ந்துவிடுமோ என்ற அச்சம் வெளியே நிற்கிற எங்கள் எல்லோருக்கும் உண்டு. மறுக்கலாம் என்று ஒன்பதாம் பக்கத்தில் அச்சிட்டிருப்பதால் மட்டும் அந்த அச்சம் போய்விடாது. படிவத்தின் நகல் தரப்படவில்லை; முதல் பக்கத்தை மட்டும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டேன்.

பதினெட்டாம் நாள் அம்மா கண் விழித்தாள். அவளுடைய உடம்பில் நடந்துகொண்டிருந்த ஆய்வைப் பற்றி யாரும் அவளிடம் பேசவில்லை. ஒப்புதல் தர இயலாத நிலையில் ஆய்வில் சேர்க்கப்பட்டவர் நினைவு திரும்பியதும் அவரிடமே மீண்டும் ஒப்புதல் பெற வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக நெறிமுறைகள் சொல்வதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு நான்தான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?” என்றாள். சற்றுக் கழித்து, “சரி, கடைசியில என்ன தெரிஞ்சுதாம்?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. படமெடுத்த பக்கத்தில் இருந்த பதிவு எண்ணை வைத்து மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் தேடினேன். ஆய்வு முடிந்துவிட்டது என்று இருந்தது. முடிவு என்ன என்று இல்லை.

எங்கள் முகவரி தொலைந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வீடு திரும்பிய மறுநாளே சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டுக் குறுஞ்செய்தி வந்தது. பொங்கலுக்கு வாழ்த்து வந்தது. முழு உடல் பரிசோதனைக்குச் சலுகை என்று மாதந்தோறும் வருகிறது. போன கட்டணத்தில் விடுபட்ட எண்ணூறு ரூபாய்க்கு மூன்று முறை அழைத்தார்கள். இத்தனைக்கும் கிடைக்கிற எண், ஆய்வு முடிவைச் சொல்வதற்கு மட்டும் கிடைக்காமல் போகிறது. மன்னிக்கவும், சொல்ல வந்தது சலுகைகளைப் பற்றி அல்ல.

நான் கேட்பது சிறியது. நினைவு திரும்பியவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், கேளுங்கள். அவர் வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். ஆய்வு முடிந்ததும் அவரிடமே முடிவைச் சொல்லுங்கள். பங்கேற்றவர்களுக்கு ஆய்வின் பொதுவான முடிவுகளை அறியும் வாய்ப்பு தரப்பட வேண்டும் என்று மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கு உலக மருத்துவச் சங்கம் வகுத்த ஹெல்சிங்கி பிரகடனத்தின் 2013-ஆம் ஆண்டுத் திருத்தமே கூறுகிறது. இறந்துபோனவர்களின் வீட்டாருக்கும் அதைத் தெரிவிக்கலாம். அவர்களுக்குத்தான் அது கூடுதலாகத் தேவைப்படும். உங்கள் குழுக்களில் மருத்துவர் அல்லாத பொது உறுப்பினர் ஒருவர் இருக்கிறார் அல்லவா? அடுத்த படிவத்துக்கு அனுமதி தருமுன் அதன் தமிழை அவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும்.

எங்கள் ஆய்வின் முடிவு எதுவாக இருந்தாலும், இரண்டு இலக்குகளுக்கும் வேறுபாடே இல்லை என்றாலும்கூட, ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்குப் படிக்க வரும். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்றிரவு கையெழுத்திட்ட மகன்