ஃபெர்ரே மாஸ்டருக்கு, ஒரு வெள்ளைச் சட்டையைப் பற்றி

அன்புள்ள ஜான்ஃபிராங்கோ ஃபெர்ரே மாஸ்டருக்கு,

வணக்கம். எங்கள் தொழிலில் தைக்கிறவர் டெய்லர், துணி வெட்டுகிறவர் மாஸ்டர். அதனால்தான் உங்களையும் அப்படிக் கூப்பிடுகிறேன். இத்தாலிய ஃபேஷன் டிசைனரான நீங்கள் மிலானில் கண்ணை மூடியது 2007 ஜூன் 17 அன்று, 62 வயதில். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வராது என்று தெரியும், ஆனால் போன மாதம் முழுக்க உங்கள் சட்டை ஒன்றோடு மல்லுக்கட்டியதில் சொல்ல வேண்டியது நிறையச் சேர்ந்துவிட்டது, அதை வேறு யாரிடம் சொல்ல?

படத்தில் பார்த்த சட்டைதான். வெள்ளை. காலர் கழுத்துக்குப் பின்னால் தாமரை இதழ் மாதிரி எழும்பி நிற்கிறது, கைப்பட்டி முழங்கை வரை மடிந்து கிடக்கிறது, இடுப்பில் மட்டும் இறுக்கம். பார்த்த உடனே பேட்டர்ன் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் தடவை காடாத்துணியில் போட்டபோது காலர் தலைகுப்புற விழுந்தது. சரி என்று, காலருக்குள் விறைப்புக்காக வைக்கும் பக்ரம் துணியை இரண்டு அடுக்கு வைத்தேன். நின்றது, ஆனால் அட்டையைச் செருகி வைத்த மாதிரி நின்றது. மூன்றாவது தடவை பக்ரத்தை ஒற்றையாக்கி, கீழ்க்காலரைக் கிராஸில், அதாவது துணியின் குறுக்குச் சாய்வில் வெட்டி, அதையும் மேல்காலரைவிட ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்ச் குறைத்தேன். அப்போதுதான் அது தானாக வளைந்து, எங்கே திரும்ப வேண்டுமோ அங்கே திரும்பியது. இரவு பதினோரு மணி இருக்கும். கட்டிங் டேபிளில் அதை நிறுத்தி வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உங்களை ஏன் ஃபேஷனின் கட்டடக் கலைஞர் என்று சொன்னார்கள் என்பது அந்த ஒரு நூலில்தான் எனக்குப் புரிந்தது. லெக்னானோவில் பிறந்து, மிலான் பாலிடெக்னிகோவில் கட்டடக் கலை படித்து, 1969இல் பட்டம் வாங்கினீர்கள். அந்தப் பட்டத்தைத்தான் எல்லாரும் முதலில் எழுதுகிறார்கள். ஆனால் பட்டம் காலரை நிறுத்தாது. பாரம் எங்கே இறங்குகிறது, எதைத் தாங்க எது வேண்டும், எங்கே ஒன்றுமே வேண்டாம் என்று துணியிடமே கேட்கத் தெரிந்தவர் நீங்கள். ஆர்கன்ஸா, டஃபேட்டா, பாப்ளின் என்று எதில் எடுத்தாலும் அதே வெள்ளைச் சட்டைக்குத்தான் திரும்பத் திரும்ப வந்தீர்கள். ஆண்களின் அலமாரியில் கிடந்த சாதாரணச் சட்டையிலிருந்து ஒரு காலரை எடுத்துப் பெரிதாக்குவது, ஒரு கைப்பட்டியை எடுத்து நீட்டுவது, மற்றதையெல்லாம் அமைதியாக விட்டுவிடுவது, இதை எத்தனை வருடம் சலிக்காமல் செய்திருக்கிறீர்கள்!

அப்புறம் இந்தியா. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. 1970களில் ஜெனோவாவில் இருந்த ஒரு மழைக்கோட்டு கம்பெனிக்காக நீங்கள் இங்கே வந்து, பல வருடம் போய்வந்துகொண்டு வேலை செய்திருக்கிறீர்கள். பெரிய பெயர் வருவதற்கு முன்னாலேயே. உடுப்பில் எளிமை என்றால் என்ன என்பதை இந்தியாவில் கற்றதாக நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். யோசித்துப் பார்த்தால் சேலையும் வேட்டியும் கத்திரி படாத துணி, தட்டையாக மடித்து வைத்தால் வெறும் நீள்சதுரம், உடம்பில் சுற்றின பிறகுதான் அதற்கு உருவமே வருகிறது. மாஸ்டர்களாகிய நாங்கள் வெட்டுவதையே பெரிதாக நினைப்பவர்கள், வெட்டாமல் விட்டதை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். உங்கள் சட்டைகளில் முன்பக்கத் துணி இடுப்பைச் சுற்றிப்போய் முடிச்சாக விழுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

1978இல் ஃபிராங்கோ மத்தியோலியோடு சேர்ந்து சொந்தக் கம்பெனி. 1989இல் பாரிஸிலிருந்து அழைப்பு வந்து டியோர் என்ற பிரெஞ்சு ஃபேஷன் வீட்டின் கலை இயக்குநரானீர்கள். ஏறக்குறைய முப்பது வருடம் மார்க் போஹான் என்ற பிரெஞ்சு டிசைனர் இருந்த இடம் அது. பிரெஞ்சுக்காரர்களின் வீட்டில் ஓர் இத்தாலியரா என்று அங்கே முணுமுணுப்பு எழுந்தது, நீங்களோ முதல் கலெக்ஷனுக்கே அங்கே ஃபேஷனுக்குத் தரும் தங்க விரலுறை விருதை வாங்கிவிட்டீர்கள். 1996 வரை மிலானுக்கும் பாரிஸுக்குமாக அலைந்து இரண்டு வீட்டையும் பார்த்துக்கொண்டீர்கள். டியோருக்கு நீங்கள் செய்த பெரிய கவுன்களை நான் மதிக்கிறேன், ஆனாலும் மனசு அந்தச் சட்டைகளிடம்தான் போகிறது. கவுனில் வேலைப்பாடு கண்ணை மறைத்துவிடும், வெள்ளைச் சட்டையில் ஒரு கோணல் தையல்கூட ஒளிய முடியாது.

உங்களுக்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. உங்கள் பிராண்டை வைத்திருந்த ஐ.டி. ஹோல்டிங் என்ற இத்தாலியக் கம்பெனி 2009இல் கடனில் மூழ்கி அரசு நியமித்த நிர்வாகத்தின் கீழ் போனது, 2011இல் துபாயைச் சேர்ந்த பாரிஸ் குரூப் பிராண்டை வாங்கியது. பெயர் கைமாறிக்கொண்டே இருந்தது. லேபிளில் ஃபெர்ரே என்று இருந்தாலும் அந்தக் கை இல்லாத உடுப்பு எப்படி ஃபெர்ரே ஆகும் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. இப்போது கொஞ்சம் தணிந்திருக்கிறது. காரணம், உங்கள் குடும்பத்தார் ஒரு ஃபவுண்டேஷன் தொடங்கி உங்கள் வரைபடங்களையும் உடுப்புகளையும் பாதுகாத்தார்கள். 2014இல் இத்தாலியின் பிராட்டோ நகர ஜவுளி அருங்காட்சியகத்தில் உங்கள் வெள்ளைச் சட்டைகளுக்கு என்றே ஒரு கண்காட்சி நடந்தது. அங்கே சட்டைகளை எக்ஸ்ரே எடுத்த மாதிரிப் படங்களாகவும் வைத்திருந்தார்கள். துணிக்குள் துணி எங்கே மடிகிறது, தையல் எந்தப் பாதையில் ஓடுகிறது என்பதெல்லாம் அதில் தெரிகிறது. என் மூன்றாவது காலருக்கு வழிகாட்டியது அந்தப் படங்களில் ஒன்றுதான். நீங்கள் படித்த அதே பாலிடெக்னிகோவில் இப்போது உங்கள் பெயரில் ஒரு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, மாணவர்கள் உங்கள் ஆவணங்களைத் திறந்து பார்க்கலாம். உங்கள் வாழ்வின் கடைசி வருடம் நீங்கள் மிலானின் பிரேரா கலைக் கல்லூரியின் தலைவர் பொறுப்பை ஏற்று, மூன்றே மாதத்தில் போய்விட்டீர்கள். அங்கே சொல்லிக்கொடுக்க நினைத்ததில் கொஞ்சமாவது இப்படிப் போய்ச் சேரட்டும்.

இன்னும் கைப்பட்டி எனக்குப் பிடிபடவில்லை. மடித்துவிட்டால் முழங்கைப் பக்கம் வாய் பிளந்துகொள்கிறது, காஜாவை அரை இஞ்ச் உள்ளே தள்ளிப் பார்த்தும் சரியாகவில்லை. ஒருவேளை பிளீட்டை நான் தப்பான பக்கம் திருப்பியிருப்பேன். நாளைக்குக் காலையில் வெளிச்சம் நன்றாக இருக்கும்போது இன்னொரு தடவை காடாவில் போடுகிறேன். அது சரியாக வந்தால்தான் பாப்ளினில் கத்திரி வைப்பேன்.

அன்போடும் நன்றியோடும்,
ஒரு கட்டிங் மாஸ்டர்