உன் டெய்லர் ஸ்விஃப்ட் பத்தி அம்மா எழுதறேன்

பாப்பா,

நல்லா இருக்கியா, வேளைக்கு சாப்பிடறியா. போன்ல நீ எப்பவும் ஆபீஸ் கிளம்பற அவசரத்துல இருக்க, அதான் உக்காந்து டைப் பண்றேன். நீ 2024 மார்ச்ல சிங்கப்பூர் நேஷனல் ஸ்டேடியத்துல டெய்லர் ஸ்விஃப்ட் ஷோ பாத்துட்டு, யாருன்னே தெரியாத பொண்ணுங்க குடுத்த பாசிமணி பிரேஸ்லெட்டெல்லாம் கை நிறைய போட்டு போட்டோ அனுப்புனல்ல, அதுலேர்ந்து அவளப் பத்தி படிச்சுகிட்டே இருக்கேன். 2022ல வந்த அவ பாட்டுல ஒரே ஒரு வரி, பிரேஸ்லெட் செய்யுங்கன்னு, அத புடிச்சுகிட்டு ஊர் ஊரா ஜனங்க மணி கோத்து மாத்திக்குதுங்க. யாரும் சொல்லி செய்யல பாரு.

நல்லா பாடறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. இவ ரசிகர்களுக்கு குடுக்கற நேரம் தான் எனக்கு பெருசா படுது. 2010 ஜனவரில கிராமிங்கற பாட்டு அவார்டுல ஆல்பம் ஆஃப் தி இயர் வாங்கறா, வயசு இருபது, அதே வருஷம் ஜூன்ல நாஷ்வில்ல 13 மணி நேரத்துக்கும் மேல ரசிகர்கள ஒவ்வொருத்தரா பாத்து பேசி கையெழுத்து போட்டிருக்கா. அவ்ளோ பெரிய அவார்டு வாங்கின கையோட யாருடி இப்படி நிப்பாங்க?

அதவிட 2014ல செஞ்சது. 1989ன்னு பேர் வெச்ச ஆல்பம் வர்றதுக்கு முன்னாடி, டம்ளர்ங்கற (Tumblr) வெப்சைட், இன்ஸ்டாகிராம்னு தானே உக்காந்து தேடி, எந்தப் புள்ள என்ன எழுதுது, எது மனசார கேக்குதுன்னு பாத்து பாத்து கூப்பிட்டு, தன் வீட்டு ஹால்ல உக்கார வெச்சு, தான் சுட்ட குக்கீ குடுத்து முழு ஆல்பத்தையும் போட்டு காட்டியிருக்கா, ஒவ்வொரு பாட்டும் எப்படி வந்துச்சுன்னு கதையும் சொல்லியிருக்கா. லண்டன்லயும் இப்படி நடந்துச்சு. வந்த புள்ளைங்க ஒண்ணு கூட ஒரு பாட்ட வெளிய விடல. நம்பி உள்ள விட்டா அதுங்க காப்பாத்தும்னு அவளுக்கு தெரிஞ்சிருக்கு.

2019ல அவளோட பழைய பாட்டு கம்பெனிய வித்ததோட அவளோட முதல் ஆறு ஆல்பத்தோட மாஸ்டர் ரெக்கார்டிங்கும், அதாவது ஒரிஜினல் பதிவும், வேற ஆள் கைக்கு போச்சுல்ல, அப்ப 2021லேர்ந்து அதுல நாலு ஆல்பத்த ஒவ்வொண்ணா திரும்ப பாடி வெளியிட்டா. பாடறது அவ கையில இருக்கு, ஆனா பழச விட்டுட்டு புதுச கேக்கறது ஜனங்க கையில தானே, அதுங்க கேட்டுச்சு. ஒரே ஆல்பத்த அட்டைய மாத்தி மாத்தி விக்கறது மட்டும் எனக்கு புடிக்கல, படிக்கற புள்ளைங்க காசு அது.

வியன்னா நியூஸ் படிச்சப்ப அழுதுட்டேன்டி. 2024 ஆகஸ்ட்ல தாக்குதல் திட்டம் தெரிஞ்சு மூணு ஷோவும் கேன்சல், எங்கேர்ந்தெல்லாமோ வந்த புள்ளைங்க ஏமாந்து ரூமுக்குள்ள கெடக்காம தெருவுல கூடி அவ பாட்ட அதுங்களே பாடுச்சுங்க, மரத்துல பிரேஸ்லெட்ட கட்டி விட்டுச்சுங்க. அவ அங்க மேடை ஏறவே இல்ல, ஆனா அதுங்க ஒண்ணுக்கொண்ணு துணையா இருந்துச்சுங்க. அத்தன வருஷமா அவ குடுத்த நேரம் தான் அங்க வந்து நின்னுச்சுன்னு நான் நெனைக்கிறேன்.

போன வருஷம் மே மாசம், 2025ல, அந்த ரெக்கார்டிங்கெல்லாம் திரும்ப வாங்கிட்டு ரசிகர்களுக்கு ஒரு லெட்டர் எழுதினா, நீங்க கூட நின்னதால தான் வாங்க முடிஞ்சுதுன்னு. நீ படிச்சிருப்ப. இல்லன்னா படி, ஞாயித்துக்கிழமை அதப் பத்தி பேசலாம். அப்பா மாத்திரை ஒழுங்கா போடறாரு, கவலப்படாத.

அம்மா