அது ஏஐ பாட்டு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் ஏஐ பாடல்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஒரு வரி எழுதிப் போட்டால் முழுப் பாட்டே வந்து விழுகிறது, இனி இசைக்கலைஞர்களின் பிழைப்பு என்னாகும் என்று கேட்டிருந்ததெல்லாம் சரி. ஆனால் நடுவில் ஒரு பத்தியில் ஜப்பானின் ஹட்சுனே மிக்குவையும் அதே பட்டியலில் சேர்த்து, மனிதரே இல்லாமல் பாடும் ஏஐ பாடகி அங்கே ஏற்கெனவே அரங்குகளை நிரப்புகிறாள் என்று எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் போகும், இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

மிக்கு வெளியானது 2007 ஆகஸ்ட் 31 அன்று. நீங்கள் கட்டுரையில் சொல்லும் ஏஐ எதுவும் அப்போது கிடையாது. அவள் கடையில் விற்ற ஒரு மென்பொருள், அவ்வளவுதான். சப்போரோ நகரத்தில் இருக்கும் கிரிப்டான் ஃபியூச்சர் மீடியா என்ற நிறுவனம் விற்றது, உள்ளே ஓடியது யமஹாவின் வோகலாய்டு 2 என்ற, கணினியைப் பாட வைக்கும் நிரல் (பைக் யமஹா இல்லை, கீபோர்டு யமஹா). குரல் கொடுத்தவர் சாகி ஃபுஜிடா. அட்டாக் ஆன் டைட்டன் என்ற அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும், யிமிர் பாத்திரத்துக்குப் பேசியவர் அவர்தான். மிக்குவுக்காக அவர் பாட்டு எதையும் பாடவில்லை, அர்த்தமே இல்லாத அசைகளை வரிசை வரிசையாகச் சொல்லிக் கொடுத்தார். ஒரு ஒலியிலிருந்து அடுத்த ஒலிக்கு வாய் நகரும் அந்த இடங்களையெல்லாம் நறுக்கி எடுத்து மென்பொருளுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் இதை வாங்கியவர் என்ன செய்ய வேண்டும்? மெட்டு அவர்தான் போட வேண்டும். வரிகளும் அவர்தான் எழுத வேண்டும். திரையில் பியானோ கட்டைகள் பக்கவாட்டில் நிற்கும், அதற்கு எதிரே ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒரு கட்டமாக இழுத்து வைத்து, கட்டத்துக்குக் கட்டம் ஒரு அசையைத் தட்டெழுத வேண்டும். அப்படியே ஓடவிட்டால் ரயில் நிலைய அறிவிப்பு பாடுவது போலத்தான் இருக்கும். எங்கே குரல் நடுங்க வேண்டும், எங்கே மூச்சுக்காற்று கலக்க வேண்டும், எந்த ஸ்வரத்தைக் கொஞ்சம் கீழேயிருந்து தொட்டு ஏற வேண்டும் என்று உட்கார்ந்து சரிசெய்யும் வேலைக்கு ட்யூனிங் என்று பெயர். கேட்டுப் பழகிவிட்டால் இது யாருடைய ட்யூனிங் என்று குரலை வைத்தே சொல்லிவிடலாம். ஒரே மிக்குதான், ஆனால் இவரிடம் ஒரு மாதிரி பாடுவாள், அவரிடம் வேறு மாதிரி பாடுவாள். புதிதாக வரும் மென்பொருள்களில் ஏஐ இருக்கிறது, யமஹாவே 2022இல் வோகலாய்டு 6இல் அதைக் கொண்டுவந்துவிட்டது. அப்போதும் மெட்டும் வரியும் ஆள்தான் கொடுக்க வேண்டும். பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கிற கதை இது இல்லை.

இந்தப் பாட்டுகளைச் செய்கிறவர்களுக்குப் பெயருக்குப் பின்னால் 'பி' என்று ஒரு எழுத்து ஒட்டிக்கொள்ளும், ப்ரொட்யூசர் என்பதன் சுருக்கம். பெரும்பாலும் வீட்டு அறையில் ஒரு கணினியோடு உட்கார்ந்திருந்த மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும்தான். பாடகர் கிடைக்காது, ஸ்டுடியோவுக்குப் பணம் இருக்காது, ஆனால் நிகோ நிகோ டோகா என்ற ஜப்பானிய வீடியோ தளத்தில் போட்டால் ராத்திரிக்குள் ஆயிரம் பேர் கேட்பார்கள். மிக்குவின் படத்தை லாப நோக்கம் இல்லாமல் யாரும் வரைந்து போட்டுக்கொள்ளலாம் என்று கிரிப்டானும் விட்டுவிட்டது, அதனால் பாட்டுக்கு ஒருவர், படத்துக்கு ஒருவர், அனிமேஷனுக்கு ஒருவர் என்று முன்பின் பார்க்காதவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஆரம்பத்தில் மிக்கு தன்னைப் பற்றியே பாடிக்கொண்டிருந்தாள், நான் ஒரு மென்பொருள், என்னை அழித்துவிடாதே என்கிற ரகத்தில். 2007 டிசம்பரில் ரியோ என்பவர் போட்ட 'மெல்ட்' பாட்டில்தான் அவள் ஏதோ ஒரு சாதாரணப் பெண்ணாக, குடையைப் பகிர்ந்துகொண்டு நடக்கிற கூச்சத்தோடு பாடினாள். அதை எழுதிய ரியோ 2009இல் பாகெமோனொகதாரி அனிமேவின் எண்டிங் பாட்டை (எபிசோடு முடிவில் வருவது) மனிதக் குரலை வைத்துச் செய்தார். நட்சத்திரம் பார்க்கப் போகும் பிள்ளைகளைப் பற்றிய அந்தப் பாட்டு அனிமே ரசிகர்கள் பாதிப் பேருக்கு மனப்பாடம்.

எனக்கு எல்லாம் பிடித்திருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மிக்கு உச்சஸ்தாயியில் நின்றுகொண்டு சொற்களைப் பொழிகிற பாட்டுகள் சிலவற்றை இன்றும் என்னால் முழுதாகக் கேட்க முடியாது, காது வலிக்கும், ஜப்பானியர்களுக்கே வரி புரிகிறதா என்று சந்தேகம் வரும். கண்ணைச் சிமிட்டிக் கொஞ்சுகிற பாட்டுகளும் எனக்கு ஆகாது. எனக்குப் பிடித்தது அந்த இருட்டான ரகம். பள்ளிக்கூடத்தில் யாரோடும் ஒட்டாத பிள்ளை, விழுந்து விழுந்து எழுகிற பெண், ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கம் வராதவன், இவர்கள்தான் அதில் வருவார்கள். இதையே ஒரு மனிதப் பாடகர் உருகிப் பாடினால் கொஞ்சம் அதிகமாகத் தெரியும். உணர்ச்சியே காட்டாத அந்தக் குரலில் வரும்போது பாட்டு நம்மிடம் எதையும் கெஞ்சுவதில்லை, அழுகையை நம் பங்குக்கு விட்டுவிடுகிறது. வோவாகா என்பவரின் 2010ஆம் வருடப் பாட்டுகளைக் கேட்டால் நான் சொல்வது புரியும். தடதடவென்று ஓடும் கிதார், அதே வேகத்தில் வரிகள், மூச்சு விட இடமே கிடையாது.

மூச்சு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும், உங்கள் கட்டுரை கவனிக்காமல் விட்டதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. மிக்குவுக்கு மூச்சு வாங்காது, அதனால் எழுதியவர்கள் மனிதரால் பாட முடியுமா என்ற கவலையே இல்லாமல் எழுதினார்கள். உடனே மனிதர்கள் அதைப் பாடிக் காட்டக் கிளம்பினார்கள்! இப்படி கவர் பாடுகிறவர்களை ஜப்பானில் உட்டைத்தே என்பார்கள், முகம் காட்டாமல் ஒரு ஓவியத்தை மட்டும் போட்டுவிட்டுப் பாடுவார்கள். இந்தப் பாட்டுகளைக் கேட்டும் பாடியும் வளர்ந்த ஒரு தலைமுறைக்குக் குரல் தாவுவதும் சொல் ஓடுவதும் வேறு தினுசாக அமைந்துவிட்டது. பாடகி அடோ அந்த வகையில் வந்தவர்தான். 2020இல் அவரைப் பெரிய ஆளாக்கிய பாட்டை எழுதிய சியுடோவும் வோகலாய்டு ஆள். 2022இல் ஒன் பீஸ் ஃபிலிம் ரெட் படத்தில் உட்டா பாத்திரத்துக்கு அடோ பாடியதை இங்கே கேட்டிருப்பார்கள். ஏஐ மனிதரின் வேலையைப் பறிக்கிறது என்பது உங்கள் கவலை. இங்கே ஒரு மென்பொருள் மனிதத் தொண்டையை இன்னும் கொஞ்சம் தூரம் ஓடவிட்டிருக்கிறது.

அனிமே பக்கம் வந்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். செயின்சா மேன் தொடரின் ஓபனிங்கை, அதாவது தொடக்கப் பாட்டை, பாடிய கென்ஷி யோனெசு, மிக்குவை வைத்து ஹச்சி என்ற பெயரில் பாட்டு போட்டுக்கொண்டிருந்தவர், 2012இல்தான் சொந்தப் பெயரில் ஆல்பம் கொண்டுவந்தார். இயக்குநர் மியாசாகியின் தி பாய் அண்ட் தி ஹெரான் படத்துக்கும் அவர்தான் பாட்டு. ஜுஜுட்சு கைசனின் முதல் ஓபனிங் பாடிய ஈவ், ஓஷி நோ கோவுக்கும் ஃப்ரீரனுக்கும் ஓபனிங் கொடுத்த யோவாசோபி இசைக்குழுவின் அயாசே, இவர்களும் அந்த வழியில் வந்தவர்கள். செயின்சா மேன் முதல் சீசனில் 12 எபிசோடுக்கு 12 எண்டிங் பாட்டு வைத்தார்கள், அதிலும் சிலவற்றில் இந்த வோகலாய்டு வாசனை அடிக்கும். ஒன்றரை நிமிட ஓபனிங்கைத் தள்ளிவிட்டுப் போக ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்களே, அதை அழுத்துகிறவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து நான் எதையும் பார்ப்பதில்லை. கதை சுமாராக இருந்து ஓபனிங்குக்காக மட்டுமே முடித்த தொடர்கள் என் கணக்கில் நிறைய உண்டு. இன்னொரு உலகத்தில் மறுபிறவி எடுக்கிற கதைகளை இனி யாரும் எழுதாமல் இருந்தால் நல்லது, ஆனால் அவற்றின் பாட்டுகளை மட்டும் விட்டுவிடுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், மிக்கு வருவதற்கு முன்பே அனிமே இதை யோசித்துவிட்டது. 1985இல் மெகாசோன் 23இல் ஈவ் (மேலே சொன்ன பாடகர் இல்லை) என்று ஒரு கணினிப் பாடகி வந்தாள். 1994இல் வந்த மேக்ரோஸ் பிளஸ்ஸில் ஷாரன் ஆப்பிள். அவளை முழுச் செயற்கைப் பாடகி என்று விளம்பரம் செய்வார்கள், ஆனால் உள்ளே ஒளிந்துகொண்டு அவளுக்கு உணர்ச்சி கொடுப்பது மியுங் என்ற பெண், ஒரு காலத்தில் தானே பாட ஆசைப்பட்டவள். கடைசியில் ஷாரன் தானாகவே இயங்க ஆரம்பித்து ஊரையே மயக்கத்தில் ஆழ்த்திவிடுவாள். அந்தப் பயம்தான் உங்கள் கட்டுரையிலும் இருக்கிறது. நிஜத்தில் நடந்தது வேறு, மியுங் போன்றவர்கள் ஒளியவில்லை, 'இது என் பாட்டு' என்று பெயர் போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கில் வெளியே வந்தார்கள்.

மேடையில் மிக்கு ஹாலோகிராமாக, காற்றில் நிற்கும் ஒளிப் பிம்பமாக வருகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் இல்லை. மேடையில் ஒரு ஒளி ஊடுருவும் திரை நிற்கும், பின்னாலிருந்து படத்தை வீழ்த்துவார்கள், இருட்டில் திரை தெரியாது, பக்கத்தில் நிஜமான ஆட்கள் டிரம்ஸும் கிதாரும் வாசிப்பார்கள். 2024இல் வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அந்தத் திரைக்குப் பதிலாக எல்இடி பலகையை வைத்தபோது ரசிகர்கள் கொதித்துப் போனார்கள், பெரிய டிவி பார்க்கவா டிக்கெட் எடுத்தோம் என்று. பொய் என்று தெரிந்தேதான் போகிறோம், ஆனால் அந்தப் பொய்யை அக்கறையாகச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தானே. 'செம்போன்சாகுரா' என்கிற 2011ஆம் வருட மிக்கு பாட்டை, எங்கா என்ற பழைய பாணி ஜப்பானியப் பாட்டுகளைப் பாடும் மூத்த பாடகி சாசிகோ கோபயாஷி 2015 டிசம்பர் 31 இரவு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடினார். தாத்தா பாட்டிகள் பார்க்கும் நிகழ்ச்சி அது. பாட்டு நிலைத்துவிட்டால் பாடியது யார் என்பது இரண்டாம் பட்சம்.

தமிழ் வாசகர்களுக்கு இதெல்லாம் விசித்திரமாகத் தெரியும் என்கிற தொனியில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் குரலுக்கு இன்னொருவர் வாயசைப்பதைப் பல தலைமுறையாக ரசித்து வருகிறவர்கள் நாம். நமக்கு நிஜமாகவே யோசிக்க வேண்டிய விஷயம் வேறு ஒன்று இருக்கிறது. 2024இல் லால் சலாம் படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏஐ மூலம் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி உரிய தொகையும் கொடுத்ததாக அவரே சொன்னார், நல்ல முறைதான். அதே வருடம் கோட் படத்தில் பவதாரிணியின் குரல் வந்தது. கேட்கும்போது நெஞ்சு அடைத்தது, கூடவே ஒரு கேள்வியும் வந்தது, இந்த வரியை அவர்கள் பாடச் சம்மதித்திருப்பார்களா என்று. மிக்குவில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. சாகி ஃபுஜிடா இது எதற்கு என்று தெரிந்து ஸ்டுடியோவுக்கு வந்தார், இப்போதும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார், மிக்குவும் தன்னை ஃபுஜிடா என்று சொல்லிக்கொள்வதில்லை. மேலே சொன்ன வோவாகா 2019இல் 31 வயதில் இறந்துவிட்டார். அங்கே குரல் அப்படியே இருக்கிறது, பாட்டு எழுதியவர்தான் போய்விட்டார். அதே மிக்கு மென்பொருளை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், ஆனால் அவருடைய அடுத்த பாட்டு வரப்போவதில்லை. அப்படியிருக்க, மனிதரே இல்லாத பாட்டு என்று எப்படி எழுதினீர்கள்?

கேட்பது ஒன்றுதான். இனி இந்தப் பாட்டுகளைப் பற்றி எழுதினால் மிக்குவின் பெயருக்கு முன்னால் பாட்டைச் செய்தவரின் பெயரைப் போடுங்கள். சினிமாப் பாட்டுக்கு இசையமைப்பாளர் பெயரும் பாடலாசிரியர் பெயரும் போடுகிறீர்களே, அதே மாதிரி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி

பி.கு.: கட்டுரையோடு நீங்கள் போட்டிருந்த படம் மிக்குவே இல்லை. மிக்குவுக்கு நீலப்பச்சை முடி, இரண்டு நீளச் சடை. சிவப்பு முடியைச் சுருள் சுருளாகத் தொங்கவிட்டிருப்பவள் கசானே டெட்டோ. 2008 ஏப்ரல் முட்டாள்கள் தினத்துக்காக, புதிய வோகலாய்டு வருகிறது என்று ஊரை ஏமாற்ற ஜப்பானிய இணையவாசிகள் இட்டுக்கட்டிய ஆள் அவள். ஏமாற்றியது போக ஆசை விடாமல், உட்டாவ் என்ற இலவச மென்பொருளில் நிஜமாகவே குரல் கொடுத்துப் பாடவும் வைத்துவிட்டார்கள். இப்போது மிக்குவோடு ஜோடிப் பாட்டுகளில் கலக்குகிறாள்.